கணினிக் கேள்வி–பதில்: மூன்றிலிருந்து நாலுக்குப் போகலாமா?

இந்த முறை வந்த மடல்களில் பெரும்பாலானவை டெயில்விண்ட் பற்றியவை. இணையப் பக்கத்தின் நிறம், இடைவெளி போன்ற தோற்றத்தை (சிஎஸ்எஸ் மொழி சொல்வதை) ‘கிளாஸ்’ என்ற சின்னச் சொற்களால் எழுத உதவும் கருவி அது. அதனால் வைரஸ், பாஸ்வேர்ட், வட்ஸ்அப் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. கட்டளைகளையும் கிளாஸ் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசித்தால் விரல் தானாகத் தட்டும்.

அக்கா, வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இணையத்தளம் செய்து கொடுக்கிறோம். பட்டன், படிவம், அட்டவணை, பொப்-அப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு கொம்போனன்ட் லைப்ரரியாகக் கட்டி வைத்திருக்கிறோம். டெயில்விண்ட் 3இல் எழுதியது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெல் கொள்வனவுத் திரை, பால் சேகரிப்புப் பதிவு, ஒரு ரியூசன் நிலையம் என்று நாலைந்து இடத்தில் அதுதான் ஓடுகிறது. டெயில்விண்ட் 4க்கு மாறியே ஆகவேண்டும் என்கிறான் ஒருவன். ஓடுகிறதை ஏன் நோண்டுவான் என்கிறான் மற்றவன். நான் நடுவில். என்ன செய்ய?
– வாசகர், பரந்தன்

நடுவில் நிற்கிறவன் தலையில்தான் கடைசியில் வேலை விழும். அதனால் உங்களுக்கே விரிவாகச் சொல்கிறேன், தம்பி.

மாறலாம். ஆனால் எண் பழசாகிவிட்டது என்பதற்காக மாறத் தேவையில்லை. மூன்று வந்தது 2021 டிசம்பரில், நாலு வந்தது 2025 ஜனவரியில். இந்த இடைவெளியில் உள்ளே இருந்த இயந்திரத்தையே புதிதாக எழுதிவிட்டார்கள். அதில் ஒரு பகுதி ரஸ்ட் மொழியில் இருக்கிறது. முழுவதையும் கட்டுவது 5 மடங்கு வரை வேகம், சின்னத் திருத்தத்துக்குப் பிறகு மறுபடி கட்டுவது 100 மடங்குக்கு மேல் வேகம் என்பது அவர்கள் வெளியிட்ட கணக்கு. நல்ல விஷயம்தான், ஆனால் நெல் கொள்வனவுத் திரையில் குந்தியிருக்கிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. மாறுவதற்கு எனக்குச் சரியாகப் படும் காரணம் வேறு. கூட இருக்கிற மற்றப் பொதிகள் (பிறர் எழுதி வைத்த துணை நிரல்கள்) நாலுக்குப் போய்விட்டன. டெயிசியுஐ 5 நாலாம் பதிப்புக்கானது, டெயில்விண்ட்-மேர்ஜ் 3உம் அப்படியே. நீங்கள் மட்டும் மூன்றில் நின்றால், இன்னும் கொஞ்சக் காலத்தில் ஒவ்வொரு பொதிக்கும் பழைய பதிப்பைத் தேடிப்பிடித்துப் பூட்டி வைக்கவேண்டி வரும்.

மாற்றுவதற்கென்றே ஒரு கருவி தந்திருக்கிறார்கள். கணினியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் என்ற மென்பொருள், 20 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். அதோடு வரும் என்பிஎக்ஸ் கட்டளை மூலம் ‘@டெயில்விண்ட்சிஎஸ்எஸ்/அப்கிரேட்’ என்று ஓடவிட்டால் பெயர் மாறிய கிளாஸ்களைத் திருத்தும், பழைய கொன்ஃபிக் கோப்பில் இருந்த நிறங்களையும் இடைவெளிகளையும் சிஎஸ்எஸ் கோப்புக்குள் ‘@தீம்’ என்ற கட்டத்துக்குள் கொண்டுபோய் வைக்கும். முன்பு மூன்று வரியாக இருந்த ‘@டெயில்விண்ட் பேஸ், கொம்போனன்ட்ஸ், யுட்டிலிட்டீஸ்’ இப்போது ஒரே ஒரு இம்போர்ட் வரி. இதெல்லாம் கருவி தன்பாட்டில் செய்யும். இதை வைத்து உங்களில் அந்த முதலாமவர் “பார்த்தியா, சுகமான வேலை” என்று சொல்லப்போகிறார். சொல்லட்டும்.

சிக்கல் பெயர்களில் இல்லை, எழுதாமல் விட்ட இடங்களில் இருக்கிறது. உங்கள் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். விவசாயியின் பெயர், நெல்லின் வகை, ஈரப்பதம், மூட்டை, நிறை என்று வரிசை வரிசையாகக் கோடு போட்டிருப்பீர்கள். அந்தக் கோட்டுக்கு ‘போர்டர்’ என்று மட்டும் எழுதியிருப்பீர்கள், நிறம் எழுதியிருக்கமாட்டீர்கள். எழுதாவிட்டால் மூன்றாம் பதிப்பு மெல்லிய சாம்பல் நிறத்தைத் தரும். நாலாம் பதிப்பு அந்த இடத்து எழுத்தின் நிறத்தையே கோட்டுக்கும் தரும். எழுத்து கறுப்பு என்றால் கோடும் கறுப்பு. முழு அட்டவணையும் பத்திரிகையில் வரும் மரண அறிவித்தல் மாதிரி நிற்கும்.

“கருவி இதைச் சமாளிக்கிறதே அக்கா” என்று நீங்கள் சொல்லலாம். சமாளிக்கிறதுதான். பழைய சாம்பல் நிறம் வரும்படி ஒரு சிறு துண்டை உங்கள் சிஎஸ்எஸ் கோப்பில் சேர்த்துவிடும். உங்கள் கோப்பில், கவனியுங்கள். சங்கத்தின் திரையை அவர்களுடைய சொந்த சிஎஸ்எஸ் கோப்பிலிருந்து கட்டினால் அந்தத் துண்டு அங்கே போகாது. கொம்போனன்ட்களைத் தனியாக வைத்துப் பார்க்கும் உங்கள் ஸ்டோரிபுக்கில் கோடு சாம்பலாகவே இருக்கும். நீங்களும் திருப்திப்பட்டு வெளியிட்டுவிடுவீர்கள். கறுப்புக் கோட்டை முதலில் பார்க்கப்போவது கொள்வனவு நிலையத்தில் இருக்கும் பிள்ளைதான். தனித் தளத்தை மாற்றுவதற்கும் லைப்ரரியை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

ஆகவே என்னுடைய யோசனை, நாலைத் தொடுவதற்கு முன் மூன்றில் இருந்துகொண்டே வேலையைத் தொடங்குங்கள். எங்கெல்லாம் டெயில்விண்டின் இயல்பான மதிப்பை நம்பி விட்டிருக்கிறீர்களோ அங்கெல்லாம் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ‘போர்டர்’ இருக்கும் இடமெல்லாம் ‘போர்டர்-கிரே-200’. ‘ரிங்’ இருக்கும் இடமெல்லாம் அதன் நிறம். மூன்றில் ‘ரிங்’ என்றால் 3 பிக்சல் தடிப்பில் நீலம், நாலில் 1 பிக்சல் தடிப்பில் எழுத்தின் நிறம். கருவி ‘ரிங்-3’ என்று தடிப்பைத் திருத்தும். ஆனால் ரப் விசையால் ஒவ்வொரு பெட்டியாகத் தாவி நிரப்புகிறவருக்கு எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்று காட்டுவது அந்த வளையம்தான், அதன் நிறத்தை அதிர்ஷ்டத்துக்கு விடாதீர்கள். உள்ளீட்டுப் பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் மாதிரி எழுத்தின் நிறமும் மாறியிருக்கிறது, அதையும் எழுதுங்கள். உறுதிப்படுத்தும் பெட்டியை டயலொக் என்ற எச்டிஎம்எல் உறுப்பால் செய்திருந்தால் ‘எம்-ஓட்டோ’ சேருங்கள். நாலாம் பதிப்பு அதன் ஓர இடைவெளியையும் துடைத்துவிடுகிறது. சேர்க்காவிட்டால் திரையின் நடுவில் வரவேண்டிய “இந்த நிறையைப் பதியலாமா?” பெட்டி இடப்பக்க மேல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இவற்றில் எதுவும் மூன்றில் பிழையில்லை. எல்லாவற்றையும் எழுதி, மூன்றிலேயே ஒரு சின்னப் பதிப்பாக வெளியிடுங்கள். திரையில் ஒரு புள்ளி கூட மாறியிருக்காது. யாரும் உங்களுக்குப் போன் எடுக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு கருவியை ஓடவிடுங்கள். அப்போது மிச்சமிருப்பது பெரும்பாலும் பெயர் மாற்றம்தான், அது கருவிக்குத் தெரிந்த வேலை.

பெயர் மாற்றத்தைக் கையால் செய்யப் போகாதீர்கள், ஒரு பொறி இருக்கிறது. மூன்றின் ‘ஷேடோ-எஸ்எம்’ நாலில் ‘ஷேடோ-எக்ஸ்எஸ்’. மூன்றின் வெறும் ‘ஷேடோ’ நாலில் ‘ஷேடோ-எஸ்எம்’. எடிட்டரில் தேடி மாற்றும்போது முதலில் ‘ஷேடோ’வை ‘ஷேடோ-எஸ்எம்’ ஆக்கிவிட்டு, அதற்குப் பிறகு ‘ஷேடோ-எஸ்எம்’மை ‘ஷேடோ-எக்ஸ்எஸ்’ ஆக்கினால் எல்லா நிழலும் ஒரே அளவாகிவிடும். எது எதுவாக இருந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது. ‘ரவுண்டட்’, ‘பிளர்’ இரண்டிலும் இதே கதைதான். கருவியின் வேலையையும், கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில் வரி வரியாக வடிவாகப் பாருங்கள். உங்கள் பட்டனுக்கு ‘அவுட்லைன்’ என்று ஒரு வகை வைத்திருந்தால், அது உங்கள் சொல்லா டெயில்விண்டின் சொல்லா என்று கருவிக்கு எப்போதும் விளங்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

இனி, நீங்கள் லைப்ரரியை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பது. கிளாஸ் பெயர்களோடு நிரலை மட்டும் கொடுத்து, வாங்குகிறவர்களின் டெயில்விண்ட் அதை வாசித்துக் கட்டுகிறது என்றால் ஒரு வரி மறக்காமல் சொல்லிக்கொடுங்கள். நாலாம் பதிப்பு எந்தெந்தக் கோப்பை வாசிப்பது என்று தானே கண்டுபிடிக்கும், ஆனால் பொதிகள் வந்து இறங்கும் நோட்-மொடியூல்ஸ் ஃபோல்டர் பக்கம் தலைவைத்தும் படுக்காது. உங்கள் லைப்ரரி இருப்பது அங்கேதான். வாங்குகிறவர் தன் சிஎஸ்எஸ்ஸில் ‘@சோர்ஸ்’ போட்டு உங்கள் பொதியின் பாதையைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பட்டன் வரும், உடுப்பு வராது. கொன்ஃபிக்கில் ‘சேஃப்லிஸ்ட்’ வைத்து நிறங்களைக் காப்பாற்றி வந்திருந்தால் அந்த வசதியும் நாலில் இல்லை. அதற்குப் பதிலாக ‘@சோர்ஸ் இன்லைன்’ 4.1இல், 2025 ஏப்ரலில் வந்தது. ஆகவே 4.0இல் நிற்காமல் நேராக அதற்கு மேலே போங்கள்.

கட்டி முடித்த சிஎஸ்எஸ் கோப்பாகவே கொடுக்கிறீர்கள் என்றால் வேறு ஒன்று. நாலாம் பதிப்பு தன் விதிகளை உலாவியின் உண்மையான ‘@லேயர்’ அடுக்குகளுக்குள் வைக்கிறது. அடுக்குக்குள் இருக்கும் விதியை அடுக்குக்கு வெளியே இருக்கும் எந்தச் சாதாரண விதியும் வெல்லும். அந்த ரியூசன் நிலையத்தின் பழைய ஸ்டைல் கோப்பில் யாரோ எப்போதோ “எல்லாப் பட்டனும் சாம்பல்” என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். மூன்றில் உங்கள் பச்சைப் பட்டன் அதை வென்றது, கிளாஸுக்குப் பலம் கூட என்பதால். நாலில் அந்த ஒற்றை வரி உங்கள் பட்டனைச் சாம்பலாக்கிவிடும். தீர்வு சுகம்: அவர்களுடைய பழைய கோப்பையும் ஒரு அடுக்குக்குள் போட்டு, அந்த அடுக்கை உங்களுடையதற்கு முன்னால் அறிவிக்கச் சொல்லுங்கள். ஆனால் காரணம் தெரியாதவருக்கு அன்று இரவு நித்திரை இல்லை.

வெளியிடும்போது பெரிய எண்ணைக் கூட்டி வெளியிடுங்கள், உங்கள் லைப்ரரியின் பதிப்பு 2 என்றால் 3. மூன்றாம் டெயில்விண்டுக்கான கிளையை (கிட்டில் உள்ள தனிப் பிரதியை) மூடாமல் கொஞ்சக் காலம் வைத்திருங்கள், ஏனென்று ஒட்டுசுட்டான் வாசகருக்குக் கீழே சொல்லியிருக்கிறேன். பரீட்சைப் பக்கத்தில் ஆங்கில மாதிரி எழுத்தை நிரப்பாமல் “உறுதிப்படுத்துக”, “கொள்வனவுப் பற்றுச்சீட்டு” போன்ற சொற்களை நிரப்பிப் பாருங்கள். பட்டனின் ஓர இடைவெளி போதுமா என்பது அப்போதுதான் தெரியும். உலாவியைத் தானாக ஓட்டிப் பரிசோதிக்கும் பிளேரைட் இருந்தால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் திரையைப் படம் எடுத்து ஒப்பிடச் சொல்லலாம். அப்புறம், மாசி–பங்குனியில் பெரும்போக அறுவடை நடக்கும்போது தயவுசெய்து எதையும் வெளியிடாதீர்கள். சங்க வாசலில் உழவு இயந்திரம் வரிசையில் நிற்கும் நேரத்தில் பட்டன் காணாமற்போனால் டெயில்விண்ட் என்று சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

எங்கள் பக்கம் இணைய இணைப்பு பெரிதாக இல்லை. நண்பனின் விண்டோஸ் மடிக்கணினியில் நோட்-மொடியூல்ஸ் ஃபோல்டரை முழுதாகப் பென்டிரைவில் கொப்பி செய்து வந்து என் லினக்ஸ் கணினியில் போட்டு வேலை செய்வது வழக்கம். டெயில்விண்ட் 3 வரை ஓடியது. 4 எழும்பவே மாட்டேன் என்கிறது. வைரஸாக இருக்குமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

வைரஸ் கேள்வி அடுத்த இதழுக்கு என்றேன், நீங்கள் கெட்டிக்காரத்தனமாக உள்ளே கொண்டுவந்துவிட்டீர்கள். வைரஸ் இல்லை. மூன்றாம் பதிப்பின் பெரும்பகுதி வெறும் ஜாவாஸ்கிரிப்ட், எந்தக் கணினியில் போட்டாலும் ஓடும். நாலின் இயந்திரத்தில் ரஸ்ட்டில் எழுதிய பகுதி ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகக் கட்டிய கோப்பாக வருகிறது. அது பாவிக்கும் லைட்னிங் சிஎஸ்எஸ்ஸும் அப்படித்தான். நண்பனின் கணினி இறக்கியது விண்டோஸுக்கான கோப்பு. உங்கள் லினக்ஸுக்கு அது கல்.

நோட்-மொடியூல்ஸைக் கொப்பி செய்வதை விடுங்கள். நல்ல இணைப்புக் கிடைக்கும் இடத்துக்கு உங்கள் கணினியையே கொண்டுபோய் ஒருமுறை இன்ஸ்டோல் செய்யுங்கள். பொதிகளை இறக்கும் என்பிஎம், தான் இறக்கியதை எல்லாம் ஒரு சேமிப்பில் வைத்திருக்கும். வீட்டுக்கு வந்து வேறு புரொஜெக்டில் ‘ப்ரிஃபர்-ஒஃப்லைன்’ என்று சேர்த்து இன்ஸ்டோல் செய்தால் முதலில் அந்தச் சேமிப்பில்தான் தேடும். டேட்டா மிச்சம்.

கரண்ட் நடுவில் போனால் என்று இரண்டாவது பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன அப்கிரேட் கருவி கிட்டில் கொமிட் செய்யாத (பதிந்து வைக்காத) மாற்றம் இருந்தால் தொடங்கவே மறுக்கும். மறுக்கிறதே என்று எரிச்சல்பட்டு ‘ஃபோர்ஸ்’ போடாதீர்கள். தனிக் கிளையில் எல்லாவற்றையும் கொமிட் செய்துவிட்டு ஓடவிட்டால், கரண்ட் அரைவாசியில் போனாலும் பழைய நிலைக்குத் திரும்புவது ஒரு கட்டளை.

ஐயா/அம்மா, நான் கணினி செய்கிறவன் இல்லை. ஒரு சங்கத்தில் எழுதுவினைஞர். எங்கள் திரையைச் செய்து தந்த பிள்ளைகள் “புதுப் பதிப்புப் போட்டிருக்கிறோம்” என்றார்கள். அன்றிலிருந்து “சேமி” என்ற பட்டன் எங்கள் அலுவலகக் கணினியில் இல்லை. முகாமையாளரின் போனில் இருக்கிறது. நான் பொய் சொல்கிறேன் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள் போல. எங்களுடையது விண்டோஸ் 7.
– வாசகர், ஒட்டுசுட்டான்

நீங்கள் பொய் சொல்லவில்லை, ஐயா. பட்டனும் எங்கேயும் போகவில்லை. அது இருந்த இடத்தைக் கணக்காகப் பார்த்துச் சுட்டியால் அழுத்திப் பாருங்கள், சேமிக்கும்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 7க்கு குரோம் உலாவியின் கடைசிப் பதிப்பு 109. அதற்கு மேல் அந்தக் கணினியில் ஏறாது. டெயில்விண்ட் 4 கேட்பது குரோம் 111. இரண்டே இரண்டு எண் வித்தியாசம், ஆனால் அந்த இரண்டுக்குள்தான் விஷயம் இருக்கிறது. நாலாம் பதிப்பின் சொந்த நிறங்கள் ஓகேஎல்சிஎச் என்ற புதிய முறையில் எழுதப்பட்டவை, குரோமுக்கு அது விளங்கத் தொடங்கியது 111இலிருந்து. 109க்கு விளங்காது. விளங்காத நிறத்தை உலாவி ஊகிக்காது, பின்னணியே இல்லை என்று விட்டுவிடும். பட்டனின் பச்சைப் பின்னணி போய்விட்டது, மேலே இருந்த எழுத்து வெள்ளை, பக்கமும் வெள்ளை. வெள்ளையில் வெள்ளை எழுதினால் யாருக்குத் தெரியும்? ஃபயர்பொக்ஸ் போட்டுப் பாருங்கள் என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். விண்டோஸ் 7இல் ஃபயர்பொக்ஸ் 115 வரிசையோடு நின்றுவிட்டது, டெயில்விண்ட் கேட்பது 128. பட்டன் தெரிந்தாலும் அதை முழுதாக நம்ப முடியாது.

இனி எழுதுவது பிள்ளைகளுக்கு, அவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். விண்டோஸ் 7 கணினி மட்டுமல்ல, அன்ட்ரொய்ட் 6 போனிலும் குரோம் 106க்கு மேல் போகாது. அன்ட்ரொய்ட் 7 என்றால் 119 வரை ஏறும், அப்டேட் செய்திருந்தால் தப்பும். ஐபோனில் சஃபாரி 16.4 வேண்டும். ஐபோன் 7இல் ஐஓஎஸ் 15க்கு மேல் வராது, ஆகவே அதுவும் வெளியே. வெளிநாட்டிலிருந்து அண்ணன் தந்துவிட்ட பழைய ஐபோன் எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. யார் எதில் பார்க்கிறார்கள் என்று கேட்காமல் பதிப்பு மாற்றியதுதான் பிழை, டெயில்விண்டில் பிழை இல்லை. அவர்கள் இந்த எண்களை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். பழைய உலாவி வேண்டுமென்றால் 3.4இல் நில்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

ஐயாவின் சங்கத்தைப் பழைய கிளைக்குத் திருப்பிவிடுங்கள். திருப்ப முடியாத நிலை என்றால் பட்டன், எச்சரிக்கை, தலைப்பு ஆகியவற்றின் நிறங்களை ‘@தீம்’ கட்டத்துக்குள் நீங்களே பழைய ஹெக்ஸ் எண்ணில் எழுதிவிடுங்கள். 109க்கு அடுக்குகள் விளங்கும், ஹெக்ஸ் நிறம் விளங்கும், பட்டன் திரும்ப வரும். நிறத்தோடு சரிவுக் கோடும் எண்ணும் சேர்த்து ஒளிபுகு தன்மை கொடுத்த இடங்கள் தனித் தலையிடி, அவற்றுக்கு முழு நிறமே கொடுங்கள். இது ஒட்டுப்போடுகிற வேலைதான். முகாமையாளரிடம் புதுக் கணினிக்கு விண்ணப்பிக்கச் சொல்வதும் தப்பில்லை: 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது, காசுக் கணக்குப் பார்க்கிற கணினி அது.

நாலுக்கு மாறியபின் பட்டனுக்கு மேல் சுட்டியைக் கொண்டுபோனால் கை அடையாளம் வரவில்லை, அம்புக்குறியே நிற்கிறது. போனில் பட்டனைத் தொட்டால் நிறம் மாறுவதும் நின்றுவிட்டது. இரண்டும் கருவியின் பிழையா?
– வாசகி, அடம்பன்

இரண்டும் வேண்டுமென்றே செய்தவை, தங்கச்சி. பட்டனுக்கு அம்புக்குறிதான் உலாவிகளின் இயல்பு, நாலாம் பதிப்பு அதற்கே திரும்பிவிட்டது. எனக்கும் பிடிக்கவில்லை. பட்டன் கொம்போனன்டில் ‘கேர்சர்-பொயின்டர்’ என்று ஒரு சொல் சேருங்கள், முடிந்தது. ‘ஹோவர்’ இப்போது உண்மையாகவே சுட்டி இருக்கும் கருவிகளில் மட்டும் வேலை செய்யும். போனில் விரலை எடுத்த பின்னும் நிறம் ஒட்டிக்கொண்டு நிற்கிற தொல்லை அதனால் போகிறது. தொட்டவுடன் ஏதாவது தெரியவேண்டும் என்றால் ‘அக்டிவ்’ பாவியுங்கள். ஆனால் ‘ஹோவர்’ ஆனால்தான் மெனு திறக்கும் என்று எங்காவது செய்து வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், போனில் அது இனித் திறக்காது.

வீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வேலை செய்கிறேன். எங்கள் லைப்ரரி உண்மையான வெப் கொம்போனன்ட், ஒவ்வொன்றும் ஷேடோ டொமுக்குள், அதாவது வெளிப் பக்கத்தின் ஸ்டைல் நுழையாத தனி அறைக்குள். டெயில்விண்ட் 4க்கு மாற்றியதும் நிறம், இடைவெளி எல்லாம் சரி. நிழலும் ஃபோகஸ் வளையமும் மட்டும் இல்லை. அதே கிளாஸை வெளியே சாதாரணப் பக்கத்தில் போட்டால் வருகிறது. பைத்தியம் பிடிக்கிறது.
– வாசகி, முல்லைத்தீவு

பிடிக்கத் தேவையில்லை, காரணம் நேரானது. நாலாம் பதிப்பில் நிழல் என்பது ஒரே மதிப்பல்ல. நிழல், உள்நிழல், வளையம், வளையத்துக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி என்று பல மாறிகளை ஒன்றாகக் கோர்த்துத்தான் ‘பொக்ஸ்-ஷேடோ’ கட்டப்படுகிறது. நீங்கள் நிழல் மட்டும் கேட்டால் மற்ற மாறிகளுக்குத் தொடக்க மதிப்பு வேண்டும். அதை ‘@ப்ரொப்பர்ட்டி’ விதி தருகிறது. ஆனால் ஷேடோ டொமுக்குள் வைத்த ஸ்டைலில் ‘@ப்ரொப்பர்ட்டி’ இருந்தால் உலாவி அதைக் கண்டுகொள்ளாது. அந்தப் பதிவு முழு ஆவணத்துக்கும் பொதுவானது, வெளியே செய்யவேண்டியது. தொடக்க மதிப்பு இல்லை என்றால் கோர்வையில் ஒரு கண்ணி அறுந்தது, முழு ‘பொக்ஸ்-ஷேடோ’வும் செல்லாது. நிறத்துக்கும் இடைவெளிக்கும் இப்படிக் கோர்வை இல்லை, தீம் மாறிகளும் வெளி ஆவணத்தின் ‘ரூட்’டோடு அந்த அறையின் ‘ஹோஸ்ட்’டுக்கும் எழுதப்படுகின்றன, அதனால் அவை உள்ளே தப்பின.

செய்யவேண்டியது: கட்டி முடித்த சிஎஸ்எஸ்ஸிலிருந்து ‘@ப்ரொப்பர்ட்டி’ விதிகளை மட்டும் பிரித்தெடுத்து, லைப்ரரி ஏறும்போது ஒரேயொரு தடவை வெளியே ஆவணத்தில் சேருங்கள். மீதி எல்லாம் வழக்கம்போல உள்ளேயே இருக்கட்டும். வெளியே பதிந்த பெயர் ஷேடோ டொமுக்குள்ளும் செல்லும். ஒவ்வொரு கொம்போனன்டும் தன்பாட்டில் சேர்க்காதபடி ஒரு காவல் வையுங்கள். வெளியிலுள்ள தளமும் டெயில்விண்ட் 4 என்றால், அது தன் பக்கத்துக்குத் தேவையான மாறிகளை ஏற்கெனவே பதிந்திருக்கும். அதனால் உங்கள் பரீட்சைப் பக்கத்தில் எல்லாம் சரியாகத் தெரிந்து, டெயில்விண்டே இல்லாத வாடிக்கையாளரிடம் போய் உடைவதும் நடக்கும். டெயில்விண்ட் இல்லாத வெறும் எச்டிஎம்எல் பக்கத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நகர்த்துதல் பாவித்த இடங்களையும் பாருங்கள், அங்கேயும் இதே கோர்வைதான்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். மூன்றாம் பதிப்பைக் கஷ்டப்பட்டுப் பழகினேன். வீணா? பேசாமல் இதே வேலைக்கான இன்னொரு கருவியான பூட்ஸ்ட்ராப் பக்கம் போகவா?
– வாசகர், வவுனியா

பூட்ஸ்ட்ராப்பும் 2021இல் ஐந்துக்கு வந்தபோது, அதுவரை நம்பியிருந்த ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைக் கழற்றி எறிந்தது. எல்லாரும் அன்றைக்கும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ‘ஃப்ளெக்ஸ்’, ‘கிரிட்’, ‘பி-4’ எல்லாம் அப்படியே இருக்கின்றன, நீங்கள் பழகியது எங்கும் போகவில்லை. நேரம் இருந்தால் ‘@லேயர்’, ‘@ப்ரொப்பர்ட்டி’, ‘கலர்-மிக்ஸ்’ (நிறங்களைக் கலப்பது) மூன்றையும் டெயில்விண்ட் இல்லாமல் வெறும் சிஎஸ்எஸ்ஸாக எழுதிப் பழகுங்கள். இந்தப் பக்கத்தில் மற்றவர்கள் கேட்ட கேள்விகளில் பாதி அந்த மூன்றுக்குள் அடங்குகிறது.

வாடிக்கையாளரிடம் “டெயில்விண்ட் 4க்கு மாற்ற இவ்வளவு” என்று விலை சொன்னேன். “மாற்றினால் என்ன வித்தியாசம் தெரியும்?” என்று கேட்டார். “ஒன்றும் தெரியாது, தெரியாமல் செய்வதுதான் வேலை” என்றேன். சிரித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. நான் சொன்னது பிழையா?
– வாசகர், மாங்குளம்

சொன்னது உண்மை. விற்ற விதம்தான் சரியில்லை. வீட்டுக்காரர் வயரிங் மாற்றக் காசு தருவார், நீங்கள் பாவிக்கும் குறட்டை மாற்றத் தரமாட்டார். அவருடைய தளம் மூன்றில் ஒழுங்காக ஓடுகிறது, அவருடைய ஆட்கள் பழைய போன்களில் பார்க்கிறார்கள் என்றால் மாற்றச் சொல்லி அவரிடம் போகவே வேண்டாம். உங்கள் லைப்ரரியை மாற்றுவது உங்கள் கடைச் செலவு. அதைப் புது வாடிக்கையாளர்களின் விலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எடுங்கள்.

பழையவரிடம் அவர் கேட்கும் வேலையோடு சேர்த்துக் கதையுங்கள். புதுப் படிவம் ஒன்று, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பக்கம், இரவில் கண் கூசாத இருட்டுத் திரை என்று ஏதாவது கேட்டு வருவார். அந்த வேலைக்குள் பதிப்பு மாற்றத்தையும் வையுங்கள். விலைப்பட்டியலில் டெயில்விண்ட் என்ற பெயரே வேண்டாம், “திரைகளைச் சரிபார்த்தல்” என்று ஒரு வரி போடுங்கள். உண்மையாகவே அதைத்தான் செய்யப்போகிறீர்கள். அந்த வரிக்குக் கீழே எந்தெந்தக் கணினியிலும் போனிலும் பார்த்துக் கொடுப்பீர்கள் என்பதையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7 அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அவர் அப்போதே கேட்பார்.